குதிரை தாவ வேண்டிய கட்டம்

அலமாரியைத் திறந்ததும் உங்கள் கைக்குத் தேய்த்த தைலத்தின் வாடை வந்தது. புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மலைமேல் ஒண்டிக்கடை சந்திப்பில் இருக்கும் நம் மிளகு, காபித்தூள் கடை வாசலில் நின்றபடியே நீங்கள் சதுரங்கம் ஆடுவீர்கள். கிராண்ட்மாஸ்டர் இங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஊர் பார்க்க வந்தவர்கள் தேடி வருவார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அவர்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்க, நீங்கள் மிளகை நிறுத்துக் கட்டிவிட்டு வந்து, ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டிவிட்டுப் போவீர்கள். யானையோ ராணியோ, எதை இழக்கவும் தயங்கியதில்லை. எதிராளியின் ராஜாவை நோக்கியே எல்லாம் பாயும்.

“ஏனுங்க, கொஞ்சம் யோசிச்சு ஆடக் கூடாதுங்களா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“யோசிச்சா பயம் வந்துரும் புள்ள” என்றீர்கள்.

பக்கவாதம் உங்கள் வலது கையைப் பிடித்தது. பேச்சுக்கும் நடைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் சொன்னதைக் கேட்கவில்லை. மாதக்கணக்கில் நான் தைலம் தேய்த்தேன். இடது கையால் ஆட மனம் வராமல், நீங்கள் சிப்பாய்களை எடுத்து எடுத்து வைத்துப் பழகினீர்கள். ஓரளவு தேறியதும், சேலத்தில் நடக்கும் பிளிட்ஸ் என்னும் மூன்று நிமிட ஆட்டப் போட்டிக்குப் போயே தீருவேன் என்றீர்கள். நானும் கூட வந்தேன்.

எதிரே வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். நீங்கள் பழைய வேகத்திலேயே பாய்ந்தீர்கள். ராணியைப் பலி கொடுத்தபோது சுற்றி நின்றவர்கள் மூச்சு விடவில்லை. அடுத்ததாகக் குதிரையை எடுத்தீர்கள். அது விரல்களிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டது. நீங்கள் குனிந்து தேடும்போதே உங்கள் நேரம் முடிந்துபோனது.

அவர் எழுந்து நின்றார். “சார், அந்தக் குதிரை தாவியிருந்தா என் ராஜாவுக்குப் போக எடமே இல்லைங்க. இது நீங்க ஜெயிச்ச ஆட்டமுங்க. நான் நடுவர்கிட்டச் சொல்றனுங்க.”

“வேண்டாமுங்க. கடிகாரமும் ஆட்டத்துல சேர்த்திதானுங்க” என்று சொல்லி, குதிரையை நழுவவிட்ட அந்தக் கையையே நீட்டினீர்கள்.

மலையேறும் பஸ்ஸில், “நொம்ப நல்ல ஆட்டம் புள்ள. தலைக்குத் தெரிஞ்சது கைக்குத் தெரியல” என்றீர்கள். என் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். தோள் நனைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் யார் வந்து ஆடக் கூப்பிட்டாலும், “கடையில வேலை இருக்குதுங்க” என்பீர்கள்.

அந்த மழைக்காலத்திலேயே ஒரு காலையில், நான் காபி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டீர்கள்.

காரியத்துக்கு அந்த வங்கிக்காரர் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, “ஊட்டுல பலகை இருக்குங்களாக்கா?” என்று கேட்டார். அன்றைய ஆட்டத்தைக் காய்க்குக் காய் அப்படியே அடுக்கினார். குதிரையை என் கையில் கொடுத்து, ஒரு கட்டத்தைக் காட்டி, “நீங்களே வைங்கக்கா” என்றார். வைத்தேன். தன் ராஜாவை மெல்லச் சாய்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

உங்களோடு இத்தனை வருடம் வாழ்ந்தும் நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது அந்த ஒரு தாவல் மட்டும் தெரியும். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் காய்களை அடுக்கி, அதை வைத்துப் பார்க்கிறேன்.