தாளில் நீங்க எழுதின ஒரே வார்த்தை

ஏங்க,

ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டேன். எழுப்பினா கத்தித் தொலைச்சிடுவேன்னுதான் எழுதி வெச்சிட்டுப் போறேன்.

முதல் வருஷப் பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் காலேஜ்லேருந்து அனுப்பின தாளை நேத்து நீங்க நிரப்பி வெச்சிருந்ததைப் பாத்தேன். 'உங்கள் மகள் தானாகச் செய்யக்கூடியவை'ன்னு கேட்டிருக்காங்க. 'ஒன்றுமில்லை'ன்னு எழுதியிருக்கீங்க! எழுதும்போது கை கூசலையா?

போன வருஷம் மாடிப்படியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டீங்களே, அன்னிக்கு நான் டூட்டியில மாட்டிக்கிட்டேன். டாக்ஸி பிடிச்சு, ஆஸ்பத்திரி வரிசையில நின்னு, கட்டுப் போட வெச்சு உங்களைப் பத்திரமா வீடு சேர்த்தது யாரு?

ஊரான் பிள்ளைக்கெல்லாம் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறீங்க. பத்தே நாள்ல ஸ்டீயரிங்கை அவங்க கையில நம்பி விடறீங்க. பெத்த பொண்ணுன்னா மட்டும் கத்துக் குடுக்கறவருக்குன்னு உங்க பக்கம் இருக்கற பிரேக்கிலேருந்து காலை எடுக்க மாட்டேங்கறீங்க.

வேற தாள் மேஜை மேல இருக்கு. நாளைக்கு அவ ஹாஸ்டலுக்குக் கிளம்பறதுக்குள்ள ஒழுங்கா எழுதுங்க.

சாப்பாடு ஃப்ரிட்ஜில. நீங்களே சூடு பண்ணிக்கங்க. தானாச் செய்யத் தெரிஞ்சதுன்னு உங்களுக்கும் ஒண்ணாவது இருக்கட்டும்.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுக்காதீங்க. அவகிட்டயே குடுங்க. தொலைக்க மாட்டா.

பி.கு.: அந்தத் தாளை அவளும் பாத்துட்டா. ஹாஸ்டல்ல குளிரும்னு உங்ககிட்ட ஆசையாக் கேட்டு வாங்கி வெச்சிருந்தாளே, உங்க பழைய ஸ்வெட்டர், அதை மட்டும் பெட்டியிலேருந்து எடுத்து வெளிய போட்டுட்டா. நாற்காலி மேல கிடக்கு. நான் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க. அவளா எடுத்து வைக்கணும்.