அலமாரியில உன் பக்கம்

சின்னு,

எனக்குக் காலை ஷிப்ட். நீ அசந்து தூங்கினதால எழுப்ப மனசு வரல.

வாசல்கிட்ட ரெண்டு பை கட்டி வெச்சிருக்கேன். முதியோர் இல்லத்துலேருந்து பழைய துணி எடுக்க ஒருத்தங்க வருவாங்க, கொடுத்துடு. பிரிச்சுப் பாக்காத. "இது நல்லாத்தானே இருக்கு அண்ணி"ன்னு பாதியை வெளியில எடுத்துடுவ. இளைச்சதும் போட்டுக்கலாம்னு நான் இத்தனை வருஷம் அடைச்சு வெச்சது போதும். உங்க அண்ணன்கூட அந்த மஞ்சச் சட்டையைக் கொடுத்துட்டார். தெருவுக்கே நிம்மதி.

இப்ப அலமாரியில வலது பக்கம் முழுக்கக் காலி. துடைச்சு, பேப்பர் விரிச்சிருக்கேன். புகுந்த வீட்டுலேருந்து திரும்பி வந்த நாள்லேருந்து நீ பெட்டியிலேருந்தே எடுத்து உடுத்தறதைப் பாக்க எனக்குப் பொறுக்கல. உன் துணியெல்லாம் அங்க அடுக்கிடு.

நேத்து சாப்பிடும்போது தனியா வீடு பாக்கறேன்னு நீ சொன்னதும் சுருக்குன்னு இருந்துச்சு, அதான் கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத. முதல்ல புது வேலையில கால் ஊனிக்கோ, மத்ததை அப்புறம் பேசலாம்.

சாப்பாடு அடுப்பு மேடையில மூடியிருக்கு. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டக் கொடுத்துட்டுப் போ.

அண்ணி

இன்னொண்ணு: துணி எடுக்க வர்றவங்க நீ யாருன்னு கேட்டா, பால்காரர்கிட்டச் சொன்ன மாதிரி விருந்தாளின்னு சொல்லாத. இந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு.