விலைச்சீட்டோடு போன கோட்டு

அன்பு மகனே,

உன் ஒப்பந்தப் பேச்சுக்கு நான் போட்டுக்கொண்டு போன புதுக் கோட்டில் விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. மறுநாள் கடையில் திருப்பிக் கொடுக்கும் உத்தேசம். உன் கூடைப்பந்து அணி மேலாளரிடம் கைநீட்டியதும் சீட்டு வெளியே வந்து ஆடியது. "இது விற்பனைக்கா, மிஸ்டர் டுப்ரீ?" என்றான். பல்லைக் காட்டினேன்.

பிறகு உன் முழங்கால் எக்ஸ்ரே படத்தைக் கசாப்புக் கடைக்காரன் மாதிரி தூக்கிப் பிடித்தான். "ஒப்பந்தம் முடிஞ்சாச்சு, பையன் இப்ப எந்த அணிக்கு வேணா போகலாம். ஆனா அவனுக்கு வயசு இருபத்திரண்டு, முட்டிக்கு ஐம்பது. நீங்க கேட்கறதுல பாதிதான் நியாயம்." அவர்களே வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு ஆடவைத்த முட்டி! அதற்கும் பல்லைக் காட்டிவிட்டு எழுந்து வந்தேன்.

"நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா" என்று போனில் சொன்னாய்.

எப்படிக் கேட்பேன்? அன்று ஊசிக்கு நீ தயங்கியபோது, "போட்டுக்கோடா, ஒப்பந்தம் முடியற வருஷம்" என்றவன் நான். அதை அங்கேயும் சொல்லவில்லை, போனிலும் சொல்லவில்லை.

உன் அப்பா