கல்லா இடம் மாறிய சலூன்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். வழக்கமாக ஒப்புக்கு எழுதுகிற நலம் இல்லை இது, இந்தத் தடவை நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் வெறுமனே ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன், கிடைத்தது பச்சை மை பேனாதான், பொறுத்துக்கொள். உன் பேக்கரியில் வேலை இழந்தவர்களுக்கு இலவசமாக ரொட்டி கொடுக்கப் போவதாகவும், வாங்குகிறவர்களைப் படம் எடுத்துக் கடையில் மாட்டினால் இன்னும் நாலு கடைக்காரர்களுக்கு மனசு வரும் என்று உன் கூட்டாளி சொல்வதாகவும் சொன்னாய். இதெல்லாம் கஷ்டப்படுகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவுமா அம்மா என்று கேட்டாய். எனக்கு நியாயம் பேசத் தெரியாது. நம் தெருமுனைச் சலூனில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கிடங்கை மூடி அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் எப்படி இருந்தார் என்று உனக்குப் பாதிதான் தெரியும். போனில் உன்னிடம் கலகலவென்று பேசுவார், வைத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாசலைத் தாண்ட மாட்டார். முடி காதை மூடிவிட்டது, தாடி வேறு. சலூனுக்குப் போய் வாருங்கள் என்றால் "வேலைக்குப் போறவனுக்குத்தான் அலங்காரமெல்லாம்" என்பார். ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் தையல் கத்தரிக்கோலை எடுத்து அவரே வெட்டிக்கொண்டுவிட்டார். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், எலி கடித்த துணி மாதிரி இருந்தது தலை. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரி ஸ்டோரில் சரக்குப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிப் போய் நிக்கறது" என்று போகமாட்டேன் என்பதிலேயே பிடிவாதமாக இருந்தார். இதுவும் கைநழுவிப் போனால் மனிதர் எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்தேன்.

சலூன்காரரை நீ மறந்திருக்க மாட்டாய், தெருவே ரேடியோ என்று கூப்பிடுமே, அவர்தான். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. கிடங்கு மூடியதைப் பார்த்து மனசு கேட்காமல், வேலை தேடுகிறவர்களுக்கு முடிவெட்டும் சவரமும் இலவசம் என்று வாசலில் பெரிய பலகை வைத்தார். அவர்களுக்கென்றே ஜன்னலோரம் தனியாக ஒரு புது நாற்காலி வேறு, கடையில் இருப்பதிலேயே நல்ல நாற்காலி. கௌரவம் செய்வதாகத்தான் நினைத்தார், பாவம். அதில் உட்கார்ந்தாலே இவருக்கு வேலை போய்விட்டது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே, யார் உட்காருவார்? ஈ காக்காய் இல்லை. கடைசியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்து வேலை போன நம் பின்வீட்டுக்காரர் துணிந்து போனார். ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டி முடித்து, தோளில் கை போட்டுப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டார், இதைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வரட்டும் என்று. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் அதைப் பார்த்த பின்வீட்டுக்காரரின் மகள் வீட்டுக்கு வந்து "அப்பா, நாம ஏழையாயிட்டோமா" என்று கேட்டிருக்கிறாள். அதோடு அவர் அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டார். துணி உலர்த்தும்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மனைவி இதைச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் ரேடியோவிடம் சொல்லிவிட்டேன். இலவசமாகச் செய்ததற்கு இதுவா பரிசு என்று சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவரோ கையிலிருந்த சவரக் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் பாதிச் சோப்போடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு, படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய், "நல்லது செய்யறதா நெனச்சு உங்களைச் சந்தி சிரிக்க வச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாராம்.

பலகையை எடுத்துவிட்டார், தனி நாற்காலியை மற்ற நாற்காலிகளோடு வரிசையில் போட்டுவிட்டார். சரி, கையைச் சுட்டுக்கொண்டார், இத்தோடு இலவசத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவரோ வாசலோரம் இருந்த கல்லா மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் துண்டுகள் அடுக்குகிற சின்ன அறையில் போட்டு, திரையும் தொங்கவிட்டார். மேஜைமேல் மூடியில் துளை போட்ட ஒரு பெட்டி. உள்ளே ஆள் கிடையாது. முடிவெட்டிக்கொண்ட எல்லோரும், வேலை இருக்கிறவரும் சரி இல்லாதவரும் சரி, ஒவ்வொருவராகத் திரைக்குள் போய்விட்டு வர வேண்டும். போடுகிறவர் போடலாம், முடியாதவர் சும்மா நின்றுவிட்டு வரலாம். வசதி இருக்கிறவனும் ஏமாற்றுவானே என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டதற்கு, "ஏமாத்தட்டும், முடி வளராமயா போயிடும், திரும்ப என்கிட்டதானே வரணும்" என்று சிரித்தாராம். ஊர்க்கதை எல்லாம் பேசுகிற வாய் அது, தன் வாயைத் தானே நம்பாமல், யார் போட்டார் யார் போடவில்லை என்பது தனக்கே தெரியாதபடி செய்துகொண்டார் பார். அவரை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. கொடுக்கிற மனசு நிறையப் பேருக்கு உண்டு, தான் கொடுத்த விதம் தப்பு என்று தெரிந்ததும் மேஜையைத் தூக்கி மாற்றிப் போடுகிறவர் எத்தனை பேர்?

இதை அப்பாவிடம் சொன்னேன், காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தவரைப் பார்த்து யாரோ என்று ஒரு நொடி திகைத்துப் போனேன். கன்னம், காது, கழுத்து எல்லாம் பளிச்சென்று பழைய மனிதராக நின்றார். "வழியில பிடிச்சு உக்கார வச்சிட்டான் அந்த ரேடியோ" என்றார். ஆஸ்பத்திரிக்கும் போனார். அந்த வேலை கிடைக்கவில்லை, வயதைக் காரணம் காட்டிவிட்டார்கள். முடிவெட்டிக்கொண்டால் வேலை வந்துவிடாது, வீட்டு வாடகையை எந்தச் சலூனும் கட்டாது, உன்னிடம் இதை மறைப்பானேன். ஆனால் அதற்கடுத்த நாள் அவரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேறு இடத்துக்கு வேலை கேட்டுப் போனார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது மருந்துக் கிடங்கு ஒன்றில் வருகிற சரக்கைச் சரிபார்க்கிற வேலை, தற்காலிகம்தான், ஆனால் சாயங்காலம் வந்ததும் அங்கே நடந்ததையெல்லாம் என்னிடம் ஓயாமல் சொல்கிறார். பின்வீட்டுக்காரர் மட்டும் இன்னும் அந்தச் சலூன் பக்கம் வரவில்லை. மன்னிப்புக் கேட்டதும் எல்லாம் ஆறிவிடுவதில்லை.

அதனால் நீ கொடு, தாராளமாகக் கொடு, படம் மட்டும் வேண்டாம், அவர்களுக்கென்று தனி வரிசையும் வேண்டாம். அம்மா சொன்னாள் என்றே உன் கூட்டாளியிடம் சொல்லிவிடு. அடுப்புச் சூட்டில் நின்றுவிட்டு அப்படியே வெளிக்குளிரில் போகாதே, மாப்பிள்ளையின் இருமலை வைத்தியரிடம் காட்டாமல் இழுத்தடிக்காதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கடையும் வீடும் நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். அப்பா உன்னோடு பேசும்போது சலூன் பேச்சு வந்தால், "காசு போட்டுட்டுதான் வந்தேன்" என்பார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். அன்றைக்கு அவர் பர்ஸ் வீட்டில் அலமாரிக்குள் என் துணிகளுக்கு அடியில் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்து, "பின்னே, போடாமலா வருவீங்க" என்றேன். நீயும் அப்படியே சொல்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா