ஒரு சாண் கோடு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், வீடுதான் படுத்துவிட்டது.

போன வாரம் போனில், பின்னால் என்னம்மா இரைச்சல் என்று கேட்டாய், தெருவில் ரோடு போடுகிறார்கள் என்றேன். அது பொய். கூடத்தில் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இதை எழுதும்போதும் ஓடுகிறது. அத்தை வீடு மாறுகிறாள் என்று சாமான் கட்டிக் கொடுக்கப் போன இடத்தில் ராத்தங்கிவிட்டோம், அந்த நேரம் பார்த்துக் குளியலறைச் சுவருக்குள் இருந்த குழாய் வெடித்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் அப்பாவுடைய செருப்பு மிதந்தபடி வாசலுக்கு வருகிறது. "இந்த வீட்ல என்னை வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டது இது ஒண்ணுதான்" என்றார். அதற்குச் சிரித்தோம், அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மெத்தை, சோபா, ஷெல்ஃபின் கீழ்த்தட்டில் இருந்த என் புத்தகங்கள் எல்லாம் போயின. நாவல் ஒவ்வொன்றும் பிழிந்து போட்ட துணி மாதிரி உப்பிக் கிடந்தது. அதை நினைத்து அழ நேரமில்லை, நீயும் அழாதே.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அன்றைக்கே போன் செய்தோம். எதையும் நகர்த்தாதீர்கள், எங்கள் சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார் என்றார்கள். நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு போனை வைத்தேன். ஆனால் நம் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியுமே, கேஸ்காரர் வந்தால்கூடக் கூடத்தைப் பெருக்கிவிட்டுக் கதவு திறக்கிற குடும்பம். கூடவே வந்திருந்த அத்தை இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "ஏன் அண்ணி, கம்பெனிலேருந்து ஒரு மனுஷன் வரான், வீட்டை இப்படியா காட்டுவீங்க? இவங்க வீடே இப்படித்தான்னு நினைச்சுட்டுப் போவான்" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சர்வேயர் வருவதற்குள் தேங்கிய தண்ணீரை வாரி, தரையைக் கழுவி, சுவரில் படிந்திருந்த கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஊறிப்போன மெத்தையையும் சோபாவையும் குப்பை வண்டியில் ஏற்றி, வெடித்த குழாயை மாற்றி, பழைய குழாய்த் துண்டையும் வீசியாகிவிட்டது. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்.

அவர் வந்தார், சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு மேடம், தண்ணி எங்க வந்துச்சு?" என்றார். சுவரின் அடியில் மட்டும் பூச்சு பொருமிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிப் பார்த்தார். "இது ஒரே நாள்ல வந்த தண்ணி மாதிரி தெரியலையே, ரொம்ப நாள் கசிவு மாதிரில்ல இருக்கு. குழாய் திடீர்னு வெடிச்சா கம்பெனி கொடுக்கும். கசிவுக்குக் கொடுக்காது" என்றார். நான் என் கையாலேயே துடைத்ததை எந்த வாயால் விளக்குவேன். அத்தை மட்டும் விடாமல், "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன தம்பி, நாங்க பொய்யா சொல்றோம்?" என்று மல்லுக்கு நின்றாள். அவர் குறித்துக்கொண்டு, போகிற போக்கில் உன் அறைக் கதவைக் காட்டி அது என்ன என்றார். அப்பா முன்னால் போய் நின்றுகொண்டு, "அது என் பொண்ணு ரூம். அதுல பார்க்க ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டார்.

உன் அறையை மட்டும் நாங்கள் கழுவவில்லை. அத்தை துடைப்பத்தோடு போனபோது அப்பா கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீ காலேஜில் படிக்கும்போது உன் வரைபடங்களைப் பழைய பேப்பர் என்று எடைக்குப் போட்டாரே, நீ சாப்பிடாமல் கிடந்தாயே, இனி உன்னைக் கேட்காமல் இந்தக் கதவைத் திறக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னார் அல்லவா. நீ அதை மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. நீ ஊரைவிட்டுப் போகிற அன்று, போனால் போ, அந்த ரூமை வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று கத்தினாரே, அதே மனிதர்தான்.

நான் கொல்லைப்பக்கம் போய் உன் ஜன்னல் திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். உன் அறை கூடத்தைவிட ஒரு படி தாழ்வு அல்லவா, தண்ணீர் அங்கே குளமாக நின்று வற்றியிருக்கிறது. சுவரிலும் கட்டில் காலிலும் அலமாரிக் கதவிலும் ஒரு சாண் உயரத்தில் கோடு, நூல் பிடித்தது போல. கசிவு அப்படிக் கோடு போடாது, ஒரே மூச்சில் வந்து நின்ற தண்ணீர்தான் போடும். நம் வீட்டில் நான் துடைக்காத ஒரே கோடு அது. போனில் படம் எடுத்தேன், கண்ணாடியில் என் முகம்தான் விழுந்தது. சர்வேயரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வியாழக்கிழமை இன்னொரு தடவை வருகிறேன், அறையைத் திறந்து காட்டுங்கள், அதோடு ரிப்போர்ட்டை முடித்துவிடுவேன் என்றார்.

அப்பாவிடம் சொன்னேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். "அவளைக் கேட்காம முடியாது" என்கிறார். சரி, கேளுங்களேன் என்றால், "பேசணும்னு இருந்தா அவ பேசட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீ என்னிடம் பேசும்போதெல்லாம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், பக்கம் மட்டும் புரளாது. மெஷின் வைத்தவர்களும் சொல்லிவிட்டார்கள், "அந்த ரூமைத் திறக்காம இதை ஓட்டறது ஓட்டை வாளில தண்ணி இறைக்கிற மாதிரிதாங்க" என்று. கதவுக்குக் கீழே கறுப்பாகப் பூஞ்சை வர ஆரம்பித்திருக்கிறது. அப்பா அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார், மூச்சு இழுக்கிறதே, அத்தை வீட்டில் போய் இருங்கள் என்றால் கேட்பதில்லை. பணம் வராவிட்டால் மழைக்கு முன்னால் சுவரை உடைத்துப் பூச எங்களால் ஆகாது. ஆனால் உண்மையைச் சொன்னால், என்னைத் தூங்கவிடாதது சுவர் அல்ல, அந்த இழுப்புதான்.

பூட்டை நானே உடைத்திருப்பேன். சுத்தியலைக் கையில் எடுத்தும்விட்டேன். அவர் கொடுத்த வார்த்தைகளில் சிதையாமல் காப்பாற்றியது அநேகமாக அது ஒன்றுதான் என்று தோன்றியது, திருப்பி வைத்துவிட்டேன். உங்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் இதுவரை சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். உள்ளே உன் பொருட்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று தெரியவில்லை, மேல்தட்டில் இருப்பவை தப்பியிருக்கும். எதை வைக்க வேண்டும், எதை விடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லு, அப்படியே செய்வோம்.

தபாலை நம்பினால் வியாழன் போய்விடும் என்று இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். படித்ததும் என்னைக் கூப்பிடாதே. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இரு, என் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே. அவர் கேட்கமாட்டார், கேட்காமல் திறக்கவும் மாட்டார். ஏன் எதற்கு என்றெல்லாம் பேச வேண்டாம், 'திறங்கப்பா' என்று ஒரு வார்த்தை. அவருடைய போனும் அந்தச் சாவி இருக்கிற பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஈர வீட்டில் காத்திருக்கும்
உன் அம்மா