வாசலோர மேசை

அன்பு மகளுக்கு,

இங்கே வெயிலும் கடலும் சௌக்கியம். நானும் உன் அம்மாவும்கூடச் சௌக்கியம்தான், நேற்றுவரை தனித்தனியாக. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் வேளைகெட்ட வேளையிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் மாமா கடற்கரைச் சாலையில் சாப்பாட்டுக்கடை திறந்தது உனக்குத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிற கடையாகப் பார்த்துத்தான் சுற்றுலா வருகிறவர்கள் நுழைவார்களாம். அதனால் என்னை வாசலோர மேசையில் உட்காரவைத்துவிட்டான். மெதுவாகச் சாப்பிட வேண்டும், நடுநடுவே தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. தட்டில் வருவது மீனும் அதன்மேல் அன்னாசிப்பழமும். இந்த ஊரின் பரம்பரை உணவு என்று பலகையில் எழுதியிருக்கிறான். போன மாதம்வரை ஊரில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. தினமும் இதைத்தான் சாப்பிடுவீர்களா என்று ஒரு பயணி கேட்டார், ஆமாம் என்றேன், அது பொய்யில்லையே.

இப்படித் தின்றுவிட்டு வந்தால் வீட்டில் எங்கே பசிக்கும்? அம்மா வைத்த குழம்பு வைத்தபடியே இருந்தது. சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு, எதிர்க்கடையின் வாசலோர மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடைக்காரருக்கும் ஓர் உள்ளூர் முகம் தேவைப்பட்டிருக்கிறது. என்னைவிட அவள் கெட்டிக்காரி, முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். கூட்டம் அப்படியே சாலையைக் கடந்தது. "அத்தான், அக்கா மாதிரி கொஞ்சம் மனசு வெச்சுச் சாப்பிடுங்க" என்று உன் மாமா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். சாலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், வீட்டிலோ பேச்சுவார்த்தையே இல்லை. நேற்று ஒரு பயணி என் காதருகே குனிந்து, உண்மையைச் சொல்லுங்கள், இந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றார். எனக்கும் மனம் விட்டுப்போயிருந்தது. என் வீட்டில் கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது மூடிக்கிடக்கிறது, எப்போது திறக்கும் என்று எதிரே இருக்கிற அந்த அம்மாளைக் கேளுங்கள் என்றேன். மனிதர் போய்க் கேட்டேவிட்டார். அம்மா கரண்டியை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல இத்தனை நாளா?" என்றாள். எனக்குக் கழுத்துவரை மீன். பசிக்கிறது என்றேன்.

வீட்டில் மூச்சுவிட முடியாமல் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். தலை தானாக ஆடியது. இது கடையில்லை, சும்மா ஆட்டாதீர்கள் என்று அதட்டினாள். சும்மா ஆட்டவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு. லீவுக்கு வரும்போது வெறும் வயிற்றோடு வா. கடற்கரைச் சாலை வழியாக மட்டும் வராதே, இரண்டு கடையிலும் வாசலோர மேசை காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
வயிறும் மனமும் நிறைந்த
அப்பா