தொட்டி மூடியில் வைத்த பொட்டு

இராஜபாளையம்,
1936 நவம்பர் 28, சனிக்கிழமை.

அன்பு மகள் அன்னாளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும், என் வலது கை எலும்பு ஒன்று நீங்கலாக, சுகமாயிருக்கிறோம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை ராபர்ட்டும் குழந்தையும் எல்லா எலும்புகளோடும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுவது அம்மா. வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருப்பதால் என் கை இப்போது கையாக இல்லை, பந்தல்காலாக இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இதில் பொய் ஏதும் இருந்தால் என்னுடையது, புத்திமதி ஏதும் இருந்தால் அவளுடையது.

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. ஞானராஜ் மாமா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உனக்கு நான்கு பக்கம் எழுதியதையும், அதைப் படித்து நீ இரண்டு நாள் சாப்பிடாமல் அழுததையும் அறிந்தோம். மாமா பள்ளிக்கூட வாத்தியார், எதையும் கட்டுரையாகத்தான் எழுதுவார், ஆகவே அதில் நான் செத்துப் பிழைத்த இடத்தை எல்லாம் பாதியாகக் குறைத்துக்கொள். நீ எனக்கு இரண்டு உத்தரவு போட்டிருக்கிறாய். ஒன்று, அந்த விமானத்தை உடனே வெட்டி அடுப்பெரிக்க வேண்டும். இரண்டு, நம் பட்டறை ஆள் வேல்சாமி இனி பட்டறை வாசலை மிதிக்கக் கூடாது. முதல் உத்தரவுக்கு அம்மா ஏற்கெனவே கோடரியைத் தீட்டி வைத்துவிட்டாள். இரண்டாவதைப் பற்றித்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ கப்பலேறிப் போன பிறகுதான், நான் சீமையிலிருந்து வரவழைத்த விமானம் மூன்று பெட்டிகளாகத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கியது. விமானம் என்றால் விமானமில்லை. குச்சியும் துணியும் கம்பியும் திருகாணியும் ஒரு சின்ன எஞ்சினும், இதை எல்லாம் நீயே கூட்டிக்கொள் என்று சொல்லும் ஒரு புத்தகமும். ஒருவன் மட்டும் உட்காரலாம், அவனும் மெலிந்தவனாயிருந்தால் நல்லது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில், இந்தத் தொந்தியோடு, கிணற்று எஞ்சினும் பருத்தி அரவை எஞ்சினும் பழுது பார்க்கிறவனுக்கு இது எதற்கென்று ஊரே கேட்டது. எனக்கே பதில் தெரியாததால் நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதினோரு மாதம் நானும் வேல்சாமியும் அதைக் கூட்டினோம், இறக்கைத் துணி முழுவதையும் அம்மா தைத்தாள். தட்டான்பூச்சி போல இருக்கிறதென்று ஊர் அதற்குத் தட்டான் என்று பேர் வைத்தது. கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மகளே, கட்டுவது கல்யாணம், பராமரிப்பதுதான் குடித்தனம். பசையில் பால் சத்து இருக்கிறதாம், எலி வந்து இறக்கையின் விளிம்பைத் தின்றது. எலிக்குப் பூனை கொண்டுவந்தால் பூனை வாலுக்குள் போய்க் குட்டி போட்டது. மழை பெய்தால் துணி தொய்கிறது, வெயிலடித்தால் கம்பி தளர்கிறது. வாரம் ஒரு தரம் எல்லாக் கம்பியையும் சுண்டிச் சத்தம் கேட்டு முறுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு நாற்பது மணி நேரம் துடைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தையும் நான் கண்மாய்த் தரையில் உருட்டியே கழித்தேன். நடுவில் சென்னைக்குப் போய் மூன்று வாரம் ஓட்டப் படித்துச் சான்று வாங்கி வந்தேன். சொல்லிக்கொடுத்த துரை எனக்கு எடையும் அதிகம், தைரியமும் அதிகம் என்றார். அதைப் பாராட்டு என்றுதான் நான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன் பார்க்க வேண்டியவை என்று புத்தகத்தில் இருபத்திரண்டு இருக்கிறது. அதை அம்மா தமிழில் ஓர் அட்டையில் எழுதித் தந்தாள். நான் அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பேன், வேல்சாமி அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து ‘ஆச்சு’ என்பான். அவனுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குக் குனியத் தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். பதினோராவது வரி, பெட்ரோல் தொட்டியின் மூடியில் உள்ள காற்றுத் துளை. ஊசி நுழையுமளவு துளை. தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும். வேல்சாமி அந்த இடம் வந்தால் மூடியைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டுத்தான் ‘ஆச்சு’ சொல்வான்.

ஆயுத பூசை உனக்குத் தெரிந்ததுதான். பத்தொன்பது வருஷமாக அன்றைக்கு மட்டும் பட்டறை வேல்சாமியுடையது. அவன் குளித்து வந்து கடைசல் இயந்திரத்திலிருந்து சுத்தியல் வரை எல்லாவற்றிற்கும் சந்தனம் குங்குமம் வைப்பான், நான் கதவோரம் நின்று ஒன்றையும் கவனிக்காதவன் போலப் பொரிகடலையை மட்டும் தின்பேன். இந்த வருஷம் தட்டானுக்கும் வைத்தான். மூக்கில், சக்கரத்தில், இறக்கையில், தொட்டி மூடியில். மூடியில் வட்டமாக, நெற்றியில் வைப்பது போல நடுவில் வைத்தான், துளை அதற்கடியில் போயிற்று. பறக்குமுன் அட்டை வாசிக்கும்போது எப்படியும் ஊதப் போகிறோம், அப்போது துடைத்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்த நினைப்பில் தப்பு ஒன்றுமில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில்தான் சோழபுரம் பாதையில் உள்ள வறண்ட கண்மாயில் நான் முதன்முதலாக மேலே எழும்பப் போவதாக மாமா ஊர் முழுவதும் சொல்லி வைத்துவிட்டார். குருவானவர் வந்து ஜெபம் செய்தார். பருத்தி வியாபாரிகள் வந்திருந்தார்கள். மாமா தம் வகுப்புப் பிள்ளைகளை வில்வண்டிகளில் ஏற்றிவந்து வரிசையாக நிறுத்திப் பாட்டுப் பாடவைத்தார். உன் அப்பா தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போ, அப்படி நின்றேன். பெட்ரோலை நானே ஊற்றி மூடியை நானே திருகினேன். மூடியில் பொட்டைப் பார்த்தேன். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். எஞ்சின் ஓடிற்று, எழும்பினேன், கீழே எல்லாரும் கை தட்டுவது தெரிந்தது, தொப்பியைக் கழற்றி ஆட்டலாமா என்று யோசித்த நேரத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்தான். நான் தைரியமாகச் செயல்பட்டேன் என்று மாமா எழுதியிருப்பார். நான் ‘ஏசுவே, ரோசம்மா’ என்று கர்த்தரையும் உன் அம்மாவையும் கூப்பிட்டேன், இருவரில் யார் காப்பாற்றினார்களோ தெரியாது. சங்கையா என்கிற சம்சாரியின் பருத்திக் காட்டில் போய் விழுந்தேன். அவர் ஓடி வந்து முதலில் கேட்டது, “ஏன்யா, எறங்குறதுக்கு ஒமக்கு வேற எடமே தோணலையா?” என்பதுதான். அப்புறம்தான் என் கை திரும்பியிருப்பதைப் பார்த்து முண்டாசை அவிழ்த்துக் கட்டினார்.

மூடித் துளையில் காய்ந்திருந்த சந்தனத்தை மாமா குண்டூசியால் கிளறி எடுத்து, கடுகளவு இருக்கும், அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மறுநாள் காலையில் வேல்சாமி தானாகவே வீட்டுக்கு வந்து, “ஆமாம்மா, அந்தச் சந்தனம் நான் வச்சதுதான்” என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா தெரு வாசலில் நின்று, அக்கம்பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் பார்க்க, “எந் தாலி அறுந்திருக்கும், இனி இந்த வாசல்ல காலு வைக்காத” என்றாள். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் போய்விட்டான். நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். இரண்டு பேர் பேச்சும் எனக்குக் கேட்டது.

அன்னா, இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன், ரோசம்மா, நீ நிறுத்தாமல் எழுது. அன்றைக்கு நான் அட்டையை வாசிக்கவில்லை. வேல்சாமி கேட்டான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அய்யா, சீட்டு வாசிக்கலையா?” என்று கேட்டான். நான், “ஏலே, எம்புட்டுப் பேரு காத்துக்கிட்டு நிக்காவ, அது கெடக்கட்டும்” என்றேன். அத்தனை பேர் முன்னால் அட்டையைப் பார்த்து வாசித்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்று வெட்கம். அவன் இரண்டாம் தரமும் கேட்டான். நான் கையை வீசி அவனைத் தள்ளிப் போகச் சொன்னேன். பிறகு எல்லாரும் சந்தனம், சந்தனம் என்று பேசியபோது எனக்குச் சௌகரியமாக இருந்தது, வலிக்கிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு மாதமாக மூடிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மேல் என் இடது கை எழுத்து. எறும்பை மையில் முக்கி விட்டது போல இருக்கும், பொறுத்துக்கொள். அம்மா கடைசி வரி வரைக்கும் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைத் துடைத்து வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேல்சாமி வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா தெருவில் நின்றுகொண்டிருந்தாள். அவன் பெண்சாதி சுடலையம்மாள் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டும் போகவில்லை. தெருவில் வைத்துத்தானே பேசினேன், தெருவில் வைத்தே சொல்கிறேன் என்று, குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, தப்பு எங்க வீட்டுதுதான், என்னை மன்னித்துக்கொள் என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். நான் கட்டுப் போட்ட கையோடு பின்னால் நின்றேன். நானும் சொன்னேன். நான் சொன்னது பாதி யாருக்கும் கேட்டிருக்காது. ஏன்டா நீ யாரிடமும் சொல்லவில்லை, அரவை ஆலையில் உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்களாமே, ஏன் போகவில்லை என்று கேட்டேன். வேல்சாமி வாசல் நடையில் உட்கார்ந்தபடியே சொன்னான். “நான் செஞ்சத மறுநாளே வந்து சொல்லிட்டேன். நீங்க செஞ்சத நீங்களே வந்து சொல்லுவியன்னு ஒரு மாசமா இந்த நடையிலதான் உக்காந்திருக்கேன். ஆலைக்குப் போயிட்டா, நீங்க வாரப்ப நான் வீட்டுல இல்லாம போயிருவேன்லா அய்யா?”

மகளே, கையொடிந்தபோது நான் அழவில்லை, இப்போது அழுதேன். அவன் திங்கட்கிழமை பட்டறைக்கு வருகிறான். விமானத்தை வெட்டப் போகிறோம் என்றதற்கு, “அது என்ன தப்பு பண்ணுச்சு, அதப் போயி வெட்டணுங்கிறீய?” என்கிறான். ஆகவே கோடரி விறகுக்கே திரும்பப் போகிறது. விமானம் இருக்கும், நான் ஏறமாட்டேன், எலிக்கும் பூனைக்கும் அது உதவட்டும். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் சபையில் எழுந்து இதைச் சொல்கிறேன் என்று குருவானவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், மாமாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வானத்திலிருந்து விழப்போகும்போது கூட நான் இப்படிப் பயப்படவில்லை.

குழந்தைக்கு அங்கே மழைக்காலம் விட்டதும் சளி பிடிக்கும், தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. மாப்பிள்ளையிடம் என் விசாரிப்பைச் சொல். வேல்சாமிக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. உன் கடிதத்தில் அவனை எழுதியிருந்த வார்த்தைகளை நான் அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம், சுகமா என்று கேட்டு எழுதினால் போதும். உங்கள் மூவரையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. என்னுடைய சிறகுகளை நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
தே. தேவஇரக்கம்.

அன்னா, அம்மா எழுதுகிறேன். மேலே உள்ளதெல்லாம் நடந்ததுதான், படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். உன் அப்பாவிடம் நான் இன்னும் பேசவில்லை. இடது கையால் அள்ளி மேலெல்லாம் சிந்திக்கொண்டிருந்தார். பேசாமலே சோறு பிசைந்து ஊட்டிவிட்டேன்.